எங்கள் வீட்டுக்கு மட்டும் உள்ள பெயர்

எங்கள் குடும்பப் பெயரை இந்தக் கட்டுரையில் எழுதப்போவதில்லை. எழுதினால் கதவு எண்ணையும் தெருவையும் எழுதியதாகிவிடும். புதுச்சேரியில் அந்தப் பெயரைத் தாங்கிய வீடு எங்களுடையது மட்டும்தான். பிரான்சில் சிலர் இருக்கிறார்கள். எல்லோரும் பெரியப்பாவின் பிள்ளைகள். வேறெங்கும் கிடையாது. மூன்று அசை, கடைசியில் உச்சரிக்காமல் விழுங்கவேண்டிய ஒரு மெய்யெழுத்து. பார்த்தாலும் கேட்டாலும் அசல் பிரெஞ்சுப் பெயர்தான். பிரெஞ்சுக்காரர்களிடம் சொன்னால் மட்டும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, "இது எந்தப் பக்கத்துப் பெயர்?" என்று கேட்கிறார்கள்.

இப்படி ஒரு பெயரோடு வளர்கிறவனை ஒரு கேள்வி விடாமல் துரத்தும்: "உங்கள் முன்னோரில் யாராவது வெள்ளைக்காரரா?" கல்லூரியில் கேட்டார்கள், வேலைக்குச் சேர்ந்த இடத்தில் கேட்டார்கள், பெண் பார்க்கப் போனபோது பெண்ணின் தாய்மாமன் நேராகக் கேட்க வெட்கப்பட்டுச் சுற்றிவளைத்துக் கேட்டார். கேட்பவர் முகத்தில் ஓர் ஆசை தெரியும். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவருக்கு ஒரு கதை கிடைக்கும். எங்கள் பெரியப்பா அந்தக் கதையைத் தாராளமாகக் கொடுப்பவர். பிரான்சின் சேன் மாலோ துறைமுகத்திலிருந்து வந்த கப்பல்காரர் ஒருவர் இங்கே காய்ச்சலில் விழுந்து, தன்னைக் கவனித்துக்கொண்ட பெண்ணையே மணந்துகொண்டார் என்று அவர் சொல்லும்போது பாய்மரம்கூடக் கண்ணில் தெரியும். ஆனால் இன்றைய வியட்நாமில் உள்ள சைகோனில் வேலை பார்த்த கொள்ளுத்தாத்தாவின் படம் கூடத்தில் இருக்கிறது. அதில் வெள்ளைக் கோட்டுக்கும் தொப்பிக்கும் நடுவே இருப்பது நல்ல கரிய முகம். அதைக் காட்டினால், "சைகோன் வெயில் சும்மாவா?" என்பார் அத்தை.

அந்தக் கப்பல்காரர்மீது எனக்குச் சிறுவயதிலேயே நம்பிக்கை போய்விட்டது. உண்மையாகவே பிரெஞ்சு வழி வந்த குடும்பங்கள் புதுச்சேரியில் உண்டு. கிரியோல் என்போம், பழைய ஆட்கள் சட்டைக்காரர் என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு முதலமைச்சராக இருந்த எதுவார் கூபேர் அப்படிப்பட்டவர். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் இந்தியர். கடற்கரைச் சாலையிலும் பெரிய மார்க்கெட்டிலும் அவர் பெயர் நிலைத்துவிட்டது. அந்த வீடுகளில் சமையல் வேறு, பிரார்த்தனை சொல்லும் மொழி வேறு, சுவரில் தொங்கும் படங்களும் வேறு. எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு, தமிழ் செபமாலை. கல்லறையில் எங்கள் பெயர் பொறித்த மிகப் பழைய கல், சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய அந்தக் கொள்ளுத்தாத்தாவினுடையது. அதற்கு முன்னால் அந்தப் பெயரில் ஒரு கல்கூட இல்லை. கப்பலேறி வந்த பெயர் என்றால் நடுவில் இத்தனை தலைமுறை எங்கே போய்ப் படுத்திருந்தது?

துறப்பதற்கு ஓர் ஆணை

புதுச்சேரிக்காரர்களுக்கு ரெனோன்சான் என்றால் யார் என்று சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியர்கள், அவர்கள் கிறிஸ்தவரானாலும் முஸ்லிமானாலும் இந்துவானாலும், தத்தம் சாதி வழக்கப்படியே தீர்ப்பளிக்கப்படுவார்கள் என்று 1819 ஜனவரி 6-ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் உறுதியளித்திருந்தது. அன்றைக்கு அது சலுகை. அறுபது ஆண்டுகளில் பலருக்கு அதுவே தளையாகிவிட்டது. 1881 செப்டம்பர் 21 அன்று பாரிசில் ஒரு புதிய ஆணை வெளிவந்தது. 21 வயது நிரம்பிய எவரும், ஆணோ பெண்ணோ, எந்தச் சாதியோ மதமோ, தம்முடைய வழக்கச் சட்டத்தைத் துறப்பதாக அதிகாரியின் முன் அறிவிக்கலாம். அறிவித்தால் அன்று முதல் அவருக்குப் பிரெஞ்சு உரிமையியல் சட்டம். இந்தத் துறப்பு இறுதியானது, திரும்பப் பெற முடியாதது என்று ஆணையிலேயே எழுதியிருந்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை: தனக்கும் தன் சந்ததிக்கும் என்று ஒரு குடும்பப் பெயரையும் சொல்லியாக வேண்டும். அப்படித் துறந்தவர்களே ரெனோன்சான்கள்.

இந்தப் பேச்சு வந்தால் பொன்னுத்தம்பிப் பிள்ளையைச் சொல்லாமல் யாரும் விடமாட்டார்கள். வழக்கறிஞர். 1873-இல் ஐரோப்பியக் காலணியும் காலுறையும் அணிந்து நீதிமன்றத்துக்குள் நுழைந்தவரை நீதிபதி தடுத்தார். இந்தியர் அப்படி வரக்கூடாது என்பது நீதிபதியின் வாதம். பொன்னுத்தம்பி பாரிசில் இருந்த மிக உயர்ந்த நீதிமன்றம் வரை போய் வென்று வந்தார். துறப்பு ஆணை வந்தபோது முன்வரிசையில் நின்ற அவர் எடுத்துக்கொண்ட பெயர் லபோர்த். கதவு என்று பொருள். பின்னால் வருகிறவர்களுக்கு வழி திறப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒரு மனிதர் தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்ட நேர்த்தியை எண்ணி எனக்குப் பொறாமையாக இருக்கும். எங்கள் வீட்டுப் பெயருக்கு அப்படி ஒரு பொருளும் இல்லை. பிரெஞ்சிலும் இல்லை, தமிழிலும் இல்லை.

பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். அவர்களிலும் தலித் குடும்பங்கள் ஏராளம். சாதி இந்துக்களில் பெரும்பாலோர் இதைத் தொடவே இல்லை. சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் அவர்கள் ரெனோன்சான்களை அரசியலில் நேருக்கு நேர் எதிர்த்தார்கள். 1884-இல் வாக்காளர் பட்டியலே மூன்றாகப் பிரிந்தது: ஐரோப்பியருக்கு ஒன்று, ரெனோன்சான்களுக்கு ஒன்று, மற்ற இந்தியருக்கு ஒன்று. ஆனால் எங்கள் தெருவில் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பட்டியலைப் பற்றிப் பேசுவதில்லை, சைகோனைப் பற்றித்தான் பேசுவார்கள். பிரெஞ்சு இந்தோசீனாவில் போலீஸ், சுங்கம், வரிவசூல், நீதிமன்ற எழுத்தர் என்று வேலைகள் காத்திருந்தன. துறந்தவர் பிரெஞ்சுக் குடிமகன் என்ற கணக்கில் ஐரோப்பியருக்கு உரிய சம்பளத்தைக் கேட்கலாம். கேட்டார்கள், சண்டை போட்டார்கள். சாதியிலிருந்து விடுதலை, ரூசோ, 1789-இன் பிரெஞ்சுப் புரட்சி என்றெல்லாம் நாம் இன்று அழகாகச் சொல்கிறோம். அதுவும் உண்டுதான். மாதச் சம்பளமும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க நினைப்பவர் பசியோடு படுத்ததில்லை என்றுதான் சொல்வேன்.

பெயர் வைக்கும் சட்டம், பெயர் மாற்றாத சட்டம்

பிரெஞ்சுக்காரர்கள் பெயர் விஷயத்தில் மிகக் கண்டிப்பானவர்கள். புரட்சி நடந்துகொண்டிருந்த 1794 ஆகஸ்டிலேயே, பிறப்புச் சான்றிதழில் உள்ளதைத் தவிர வேறு பெயரை எவரும் தாங்கக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். அதே அரசு, தேவைப்பட்டபோதெல்லாம் பெயரில்லாதவர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கொடுத்தது. 1808-இல் நெப்போலியனின் ஆணை யூதர்கள் நிலையான குடும்பப் பெயர் எடுத்தே தீரவேண்டும் என்றது. 1848-இல் அடிமைமுறை ஒழிந்தபோது ரெயூனியன் தீவில் மட்டும் அறுபதாயிரம் பேர் வரை விடுதலையானார்கள்; ஒற்றைப் பெயரோடு இருந்த அத்தனை பேருக்கும் குடும்பப் பெயர் தேவைப்பட்டது. எழுத்தர்கள் பக்கம் பக்கமாகப் பெயர்களை உற்பத்தி செய்தார்கள். அந்தப் பெயர்களில் பல இன்றும் அங்கே உண்டு, பிரான்சில் கிடையாது. எங்கள் பெயருக்கு இரத்த உறவு என்று ஒன்று இருந்தால் அது சேன் மாலோவில் இல்லை, அந்தப் பதிவேடுகளில்தான் இருக்கிறது. ஒரே வேறுபாடு, அங்கே பெயரை எழுத்தர் தேர்ந்தெடுத்தார். இங்கே துறப்பவரே சொல்லலாம்.

சொல்லலாம் என்றால் எதைச் சொல்வது? திடீரென்று ஒருவரைக் கூப்பிட்டு, உனக்கும் இனி பிறக்கப்போகும் எல்லோருக்கும் ஒரு பெயர் சொல் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளாதா? பலர் கைக்கு எட்டியதை எடுத்தார்கள். ஞானஸ்நானப் பெயரே குடும்பப் பெயரானது; அதனால்தான் புதுச்சேரியில் அந்துவான், ழொசேப் எல்லாம் முன்னாலும் வரும் பின்னாலும் வரும். (பிரெஞ்சின் ஜே எழுத்து ஒலிக்கு நாங்கள் ழகரத்தைப் போட்டுக்கொள்வோம். மற்றத் தமிழர் பலருக்கு இது விநோதமாகத் தெரியலாம், எங்களுக்கு அதில் கூச்சம் இல்லை.) சிலர் தமிழ்ப் பெயரையே பிரெஞ்சு எழுத்தில் வைத்துக்கொண்டார்கள். அது ஒரு தனிக் கலை. இரண்டு உயிரெழுத்துக்கு நடுவே ஒற்றை எஸ் வந்தால் பிரெஞ்சுக்காரர் அதை இசட் ஆக்கிவிடுவார். அதனால் ராமசாமியின் சாமிக்கு எப்போதும் இரண்டு எஸ். உகரத்துக்கு ஓ-வும் யு-வும் சேர்த்து எழுதவேண்டும். ரெயூனியனிலிருந்து வந்தவரின் பெயரில் அந்த இரட்டை எஸ்ஸைப் பார்த்தால், பிரெஞ்சு எழுத்தர் ஒருவர் காதில் விழுந்ததைக் காகிதத்தில் இறக்கிய அந்த நிமிடம் அப்படியே தெரியும்.

மூன்றாவது வகை எங்களுடையது போன்றது: பிரெஞ்சுச் சாயலில் புதிதாகக் கட்டிய பெயர். பிரான்சில் எவரிடமும் இல்லாத பிரெஞ்சுப் பெயர். பிரான்சில் எந்த மாவட்டத்தில் எத்தனை பேர் எந்தக் குடும்பப் பெயரோடு பிறந்தார்கள் என்று 1891 முதல் 1990 வரை இருபத்தைந்து ஆண்டுக்கு ஒரு கட்டமாக இணையத்தில் தேடிப் பார்க்கலாம். பிரான்சில் மிகப் பரவலான மார்த்தேன் என்ற பெயரைத் தட்டினால் வரைபடம் முழுக்க நிறம் ஏறும். எங்கள் பெயரைத் தட்டினால் முதல் மூன்று கட்டங்களிலும் வெள்ளைத்தாள். கடைசிக் கட்டத்தில் பாரிசுக்கு வடக்கே ஒரே ஒரு மாவட்டத்தில் புள்ளி வைத்ததுபோலக் கொஞ்சம் நிறம். அது எங்கள் அக்காக்களும் அண்ணனும் பிறந்த மருத்துவமனை. நாட்டின் தேசிய வரைபடம் ஒன்றில் எங்கள் பெரியம்மாவின் பிரசவங்களை மட்டும் தனியாகக் குறித்து வைத்திருக்கிறார்கள் என்று பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கப்பல்காரரின் சொந்தக்காரர்கள் புரட்சியில் செத்துப்போயிருக்கலாம் என்றார்.

அரிய பெயர் என்றால் மக்கள் மனதில் ஒரே படம்தான் எழுகிறது: ஒரு காலத்தில் தழைத்திருந்த பெரிய வம்சம், இன்று மெலிந்து ஒன்றிரண்டு பேராக நிற்கிறது. ஐரோப்பாவில் அப்படியும் நடக்கும். ஒரு கிராமத்தோடு நின்றுபோன பெயர்கள் உண்டு; பங்குக் குரு காது மந்தமாக இருந்து ஓர் எழுத்தை மாற்றியதால் பிறந்த பெயர்களும் உண்டு. எங்கள் பெயர் மெலியவில்லை. அது தழைக்க நேரமே கிடைக்கவில்லை. மார்த்தேன்களுக்கு அறுநூறு எழுநூறு ஆண்டுகள் கிடைத்தன. எங்களுக்கு ஐந்து தலைமுறை. அந்த ஐந்திலும் ஓட்டை. 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும் என்றார்கள். ராணுவத்தில் சேர்ந்து சொல்தா (சிப்பாய்) ஆன பெரியப்பா கொடுத்தார். தாத்தா கொடுக்கவில்லை. பள்ளி ஆசிரியரான அப்பாவும் கொடுக்கவில்லை, ஆனால் பெயரைப் பிடிவாதமாக விடாமல் வைத்துக்கொண்டார். சித்தப்பா சிறுவனாகக் கடலூரில் ஒரு பள்ளியில் சேர்ந்தபோது, இவ்வளவு நீளப் பெயர் எதற்கு என்று தலைமை எழுத்தர் அதை ஒரே ஓர் எழுத்தாக்கி முன்னால் போட்டுவிட்டார். இனிஷியல் என்றால் அப்பா பெயர் என்றுதானே அர்த்தம்? சித்தப்பா பிள்ளைகளுக்குச் சித்தப்பாவின் பெயரிலிருந்து புதிய இனிஷியல் வந்தது. எங்கள் குடும்பப் பெயர் அந்தக் கிளையில் ஒரே தலைமுறையில் காணாமல் போய்விட்டது. புரட்சிச் சட்டம் மாற்றக்கூடாது என்ற ஒன்றைக் கடலூர்ப் பேனா ஒரே கோட்டில் முடித்தது.

பந்தியில் ஒரு முதியவர்

காரைக்காலில் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எண்பதைத் தாண்டியவர், கஞ்சி போட்ட சட்டை, மடியில் மடித்த துண்டு. யார் வீடு என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். முன்னோர் வெள்ளைக்காரரா என்ற வழக்கமான கேள்வியை எதிர்பார்த்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை. கண்ணை ஒரு கணம் மூடித் திறந்து, எந்தத் தெரு, எந்தப் பங்கு, யார் சைகோனுக்குப் போனது, யார் போகாமல் நின்றது என்று வரிசையாகச் சொன்னார். எல்லாம் சரி. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அந்தக் காலத்தில் கோயிலில் நீங்கள் எந்தப் பக்கம் நின்றவர்கள் என்று தெரியும்" என்றார். அதையும் சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை நீட்டினார்.

புதுச்சேரியின் சம்பா கோயில் என்ற தேவாலயத்துக்குள் சாதிக் கிறிஸ்தவரையும் தலித் கிறிஸ்தவரையும் பிரித்து ஒரு சுவர் இருந்ததையும், 1745-இல் அதை இடிக்கப்போய் ஊர் இரண்டுபட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சுவர் போய்விட்டது. ஆனால் அந்த முதியவர் தலைக்குள் சுவர் அதே இடத்தில் செங்கல் பெயராமல் நிற்கிறது. எங்கள் பெயர்தான் அவருக்கு அதில் வாசற்படி. இது என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. சாதியைக் கழற்றிப் போடுவதற்காக எடுத்த பெயர் எப்படிச் சாதியைக் காட்டிக்கொடுக்கிறது? யோசித்தால் பதில் எளிது. பிள்ளை என்ற பட்டத்துக்குள் பல சாதிகள் இருக்கின்றன. அதைச் சொல்லிக்கொண்டு கூட்டத்தில் நடமாடலாம். ழொசேப் என்ற பெயருக்குப் பின்னாலும் ஆயிரம் பேர் நிற்கலாம். உலகில் ஒரே வீட்டுக்கு உள்ள பெயருக்குப் பின்னால் யாரும் ஒளிய முடியாது. பெயர் எவ்வளவு அரிதோ அவ்வளவு வெளிச்சம். எங்கள் எள்ளுத்தாத்தா இன்னும் கொஞ்சம் சோம்பேறியாக இருந்து ஓர் அந்துவானையோ பியேரையோ எடுத்திருந்தால் நாங்கள் நூறு ஆண்டில் கலந்து மறைந்திருப்போம். எந்தச் சாதி என்று இங்கே நான் எழுதப்போவதில்லை. எழுதினால் கட்டுரையின் மற்ற வரிகளை யாரும் படிக்கமாட்டார்கள், அதை மட்டும் படிப்பார்கள்.

திரும்பி வந்ததும் பெரியப்பாவிடம் இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். அதில் குடும்ப லிவ்ரேக்களுக்கு (பிரெஞ்சு அரசு தரும் குடும்பப் பதிவுப் புத்தகங்கள்) அடியில், பிளாஸ்டிக் உறையில், துறப்புப் பத்திரத்தின் பழைய நகல் ஒன்று இருக்கிறது. தெரியாத ஒன்றில்லை, பெரியப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கப்பல்காரர் பேச்சு ஓடும்போது மட்டும் அந்தப் பெட்டி பூட்டியிருக்கும். பத்திரம் சாய்ந்த பிரெஞ்சுக் கையெழுத்தில் ஒரு பக்கமும் கொஞ்சமும். முதல் வரியில் எள்ளுத்தாத்தாவின் தமிழ்ப் பெயர். இரண்டாவது வரியில் அவருடைய சாதி, வயது, தொழில். நடுவில் சட்ட வாசகங்கள், சாட்சிகள். அடியில், இன்று முதல் தாமும் தம் சந்ததியும் இந்தப் பெயரைத் தாங்குவதாக அறிவிக்கிறார் என்று எங்கள் பெயர் பெரிய எழுத்தில், மற்ற வரிகளைவிட நிதானமாக எழுதப்பட்டிருக்கிறது. எழுத்தருக்கும் அது புதிய சொல். எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதியிருப்பார். அதற்குக் கீழே அதிகாரியின் சுழித்த கையொப்பம். அதற்குப் பக்கத்தில் எள்ளுத்தாத்தா தமிழில் கையெழுத்து இட்டிருக்கிறார். புள்ளி வைக்காத, ஒன்றோடொன்று ஒட்டிய பழைய எழுத்து. எழுத்துக்கூட்டிப் படித்தால் பழைய பெயர். சாதிப் பட்டம் உட்பட.

பழைய பெயரைத் துறக்கும் பத்திரத்தில் பழைய பெயரால் கையெழுத்து. வேறு எப்படி இடுவார்? புதுப் பெயரை அவருக்குப் பிரெஞ்சில் எழுதத் தெரியாது. தமிழில் அதை எப்படி எழுதுவது என்று அதுவரை உலகில் யாரும் முடிவு செய்திருக்கவில்லை. அந்தப் பெயரைத் தாங்கிய முதல் மனிதர் அதைத் தன் கையால் ஒரு முறைகூட எழுதாமலேயே செத்துப்போயிருக்கலாம். நான் அந்தக் காகிதத்தை விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். தமிழ் எழுத்துகளின் அழுத்தத்தில் காகிதத்தின் பின்பக்கம் மேடு தட்டியிருந்திருக்கவேண்டும். நகலில் அது தெரியாது, மைக்கறைதான் தெரிகிறது. "இதுதான் கப்பல்காரரா பெரியப்பா?" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கப்பலில் போனவர் இவர் மகன். நான் திசையை மட்டும் மாற்றிச் சொன்னேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும்.

இன்னும் ஒரு கையெழுத்து

ரெனோன்சான்களுக்கு இன்றும் தனிச்சட்டம் தொடர்கிறது. இந்து திருமணச் சட்டத்தைப் புதுச்சேரிக்கு நீட்டித்தபோது, ரெனோன்சான்களுக்கு இது பொருந்தாது என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். இந்தியக் குடிமக்களான எங்களுக்குச் சொத்து, வாரிசு விஷயங்களில் இன்னும் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் வாசம் உண்டு. நீதிமன்றத்தில் இளம் வழக்கறிஞர்கள் அதைக் கேட்டு விழிப்பார்கள். பெயரைப் பொறுத்தவரை கதை முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரே மகள். பெரியப்பாவுக்கு மூன்று பெண்கள், ஒரு மகன். அண்ணனுக்குக் குழந்தை இல்லை. அழிந்துபோகும் பெயரைக் காப்பாற்ற விண்ணப்பிக்கலாம் என்று பிரெஞ்சுச் சட்டத்தில் 1993 முதல் ஓர் ஏற்பாடு உண்டு. பெரியப்பா அதைப் படித்து வைத்துக்கொண்டு பேரப்பிள்ளைகளை நச்சரித்துவந்தார். நீதித்துறைக்கு எழுதிக் காத்துக்கிடக்க யாருக்கும் பொறுமை இல்லை.

2022 ஜூலை முதல் வழி சுலபமாகிவிட்டது. வயது வந்தவர் எவரும் வாழ்நாளில் ஒரு முறை, நகராட்சியில் ஒரு படிவம் கொடுத்து, தந்தை பெயருக்குப் பதில் தாய் பெயரை எடுத்துக்கொள்ளலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுத்துவிட்டு ஒரு மாதம் கழித்து நேரில் வந்து உறுதிசெய்யவேண்டும், அவ்வளவுதான். மூத்த அக்காவின் மகள் அதற்கு மனுக் கொடுத்திருக்கிறாள். அவள் அப்பாவின் குடும்பப் பெயர் நீண்ட தமிழ்ப் பெயர், இரட்டை எஸ், இரண்டு இடத்தில் ஓ-வும் யு-வும். அதை விட்டுவிட்டு எங்கள் பெயரை எடுக்கப்போகிறாள். செய்தி வந்ததிலிருந்து பெரியப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வம்சம் தழைத்துவிட்டது என்று சர்ச் வாசலில் எல்லோரிடமும் சொல்கிறார்.

அவளிடம் நான் தொலைபேசியில் கேட்டேன். "அப்பா பெயரில் வேலைக்கு விண்ணப்பித்தால் பதிலே வருவதில்லை, மாமா. அம்மா பெயரைப் போட்டால் பேட்டிக்குக் கூப்பிடுகிறார்கள். நேரில் பார்த்ததும் எந்தத் தீவு என்று கேட்பார்கள், அது பரவாயில்லை, உள்ளே போய்விட்டேனே" என்றாள். நான் அவளிடம் பத்திரத்தைப் பற்றிச் சொல்லவில்லை. பெரியப்பாவிடம் அவள் சொன்னதையும் சொல்லவில்லை. அத்தான்தான் பாவம். என் பெயரில் என்ன குறை என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார், அதற்குப் பிறகு இரண்டு நாள் சாப்பாட்டு மேசைக்கே வரவில்லையாம். உறுதிசெய்யவேண்டிய நாள் அடுத்த வாரம். அத்தான் முறையாக அழைத்துப் பேசினால் அவள் மனம் மாறலாம் என்கிறார் அக்கா. வேலையில் சேரச் சொல்லி வந்த கடிதத்தில் எங்கள் பெயரைத்தான் அச்சடித்திருக்கிறார்கள் என்கிறாள் அவள். பெரியப்பா இதற்குள் நகரத்தின் நல்ல அச்சகம் ஒன்றில் வம்சாவளி மரம் அடிக்கக் கொடுத்துவிட்டார். உச்சியில் யார் பெயரைப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். வந்ததும் பார் என்கிறார்.